மன்ஹாட்டன்வில் நில எடுப்பு: இரண்டு வியாபாரிகள் நடத்திய வழக்கு

நியூயார்க்கில் 1ஆம் எண் ரயில் வடக்கே போகும்போது, 125ஆம் தெருவை நெருங்கியதும் சுரங்கத்தை விட்டு வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் தரை பள்ளமாக இறங்குவதால் தண்டவாளம் ஒரு பெரிய இரும்பு வளைவின் மேல் ஏறித் தெருவைக் கடக்கிறது. 1904இலிருந்து நிற்கும் வளைவு அது. அதற்குக் கீழே, பிராட்வேயிலிருந்து ஹட்சன் ஆற்றங்கரைப் பக்கம் 12ஆம் அவென்யூ வரை இறங்கும் பகுதிக்கு மன்ஹாட்டன்வில் என்று பெயர். ஹார்லெமின் மேற்கு ஓரம். கார் மெக்கானிக் ஷெட்டுகள், வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனிகள், கிடங்குகள், சாப்பாட்டுக் கடைகள் என்று உழைப்பின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடமாகவே அது பல காலம் இருந்தது.

இங்கே கடைசிவரை விற்க மறுத்தவர்கள் இரண்டே தரப்பு. ஒன்று, பொருட்களைப் பூட்டி வைக்க அறைகளை வாடகைக்கு விடும் டக்-இட்-அவே என்ற குடும்ப நிறுவனம். அதற்கு இங்கே பல கட்டடங்கள். மற்றது, பஞ்சாபிலிருந்து குடியேறி, உழைத்துச் சேர்த்த காசில் இரண்டு பெட்ரோல் பங்குகள் வாங்கி நடத்திய ஒரு சீக்கியக் குடும்பம். எதிரே இருந்தது கொலம்பியா பல்கலைக்கழகம். அதற்குத் துணையாக மாநில அரசின் நில எடுப்பு அதிகாரம். 'கவுர் எதிர் நியூயார்க் மாநில நகர வளர்ச்சிக் கழகம்' என்று சட்டப் புத்தகங்களில் பதிவாகியிருக்கும் அந்த வழக்கில் 2010இல் வியாபாரிகள் தோற்றார்கள். எப்படித் தோற்றார்கள் என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'உங்கள் நிலத்தின் நிலைமை உண்மையில் என்ன' என்று சாட்சியை நிறுத்தி விசாரித்த நீதிமன்றம் இந்த வழக்கில் ஒன்றுகூட இல்லை.

பல்கலைக்கழகத்தின் தேவை

கொலம்பியாவுக்கு இடம் தேவைப்பட்டது உண்மை. அதன் பழைய வளாகம் சற்றுத் தெற்கே மார்னிங்சைடு ஹைட்ஸ் மேட்டில் நெருக்கடியில் திணறிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடம் கட்ட இடமில்லை, புதுத் துறை தொடங்க இடமில்லை. லீ பாலிஞ்சர் தலைவராக வந்தபின், 2003இல், மன்ஹாட்டன்வில்லில் ஏறக்குறைய 17 ஏக்கரில் புதிய வளாகம் கட்டப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. 16 புதுக் கட்டடங்கள், சுமார் 68 லட்சம் சதுர அடி, 25 ஆண்டு வேலை, 630 கோடி டாலர் செலவு என்று திட்டம் வளர்ந்தது.

அறிவிப்போடு சேர்த்தே நிலம் வாங்குவதும் நடந்தது. பெரும்பாலான உரிமையாளர்கள் விலை பேசி விற்றுவிட்டுப் போனார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. விற்க விரும்புகிறவர் விற்கலாம். ஆனால் விற்காதவரை என்ன செய்வது என்ற கேள்வி முதலிலிருந்தே மேசைமேல் இருந்தது. வளாகத்துக்கு அடியில் 80 அடி ஆழம் வரை, ஒரே தொட்டி போலத் தொடர்ச்சியான நிலத்தடித் தளங்கள் கட்டுவது திட்டம். சரக்கு வண்டி, வாகன நிறுத்தம், மின்சாரம், குளிரூட்டும் எந்திரங்கள் எல்லாம் கீழே போய்விடும். மேலே கட்டடங்களும் திறந்தவெளியும் மட்டும். பார்க்க அழகான யோசனை. ஆனால் நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் நின்றால் தொட்டி உடைந்துபோகும். எல்லா மனையும் வேண்டும் என்று பல்கலைக்கழகம் பிடிவாதமாக நின்றதற்கு இந்த வடிவமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

டக்-இட்-அவே கிடங்குகளின் உரிமையாளர் வளர்ச்சியே கூடாது என்று சொன்னவர் அல்ல. பிராட்வேயின் மேற்கே உள்ள தன் இடத்தைக் கொடுத்து, கிழக்கே உள்ள கொலம்பியாவின் இடத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று மாற்று யோசனை ஒன்றை வைத்தார். அது கைகூடவில்லை. பேச்சு முறிந்த பிறகு நீதிமன்றம்தான் மிச்சம்.

ஊர் மக்களின் குரலும் ஒன்று இருந்தது. அந்தப் பகுதியின் சமுதாய வாரியமான 9ஆம் எண் வாரியம் 2007 ஆகஸ்டில் திட்டத்துக்கு எதிராக 32-க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தது. தொழிற்கூடங்களையும் குறைந்த வாடகை வீடுகளையும் காப்பாற்றும் விதமாக வாரியமே ஒரு திட்டம் தயாரித்து வைத்திருந்தது. ஆனால் வாரியத்தின் வாக்கு ஆலோசனை மட்டுமே, கட்டுப்படுத்தாது. அதே ஆண்டு டிசம்பரில் நகர மன்றம் நில உபயோக மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது.

1968 ஏப்ரல்

கொலம்பியாவுக்கும் ஹார்லெமுக்கும் இது முதல் உரசல் அல்ல. 1968 ஏப்ரலில், மார்னிங்சைடு பூங்காவில், அதாவது பொது நிலத்தில், பல்கலைக்கழகம் கட்டத் தொடங்கிய உடற்பயிற்சிக் கூடத்தை எதிர்த்து மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். மாணவர்களுக்கு மேட்டுப் பக்கம் ஒரு வாசல், ஹார்லெம் மக்களுக்குக் கீழ்ப் பக்கம் வேறொரு வாசல் என்ற அந்த வரைபடத்தை ஹார்லெம் இன்றுவரை மறக்கவில்லை. கூடம் கைவிடப்பட்டது.

அதே ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஐந்து நாள் கழித்து, அவருடைய இறுதிச் சடங்கு நடந்த ஏப்ரல் 9 அன்று, நியூயார்க் மாநில சட்டமன்றம் நகர வளர்ச்சிக் கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் நெல்சன் ராக்பெல்லர் அதற்காகக் கடுமையாக அழுத்தம் கொடுத்தார். ஏழைகளுக்கு வீடு கட்ட வேண்டும், சிதைந்த குடியிருப்புகளைச் சீர்செய்ய வேண்டும், அதற்கு உள்ளூர் விதிகளைத் தாண்டிச் செல்லும் அதிகாரமும் நிலம் எடுக்கும் அதிகாரமும் உள்ள ஒரு கழகம் வேண்டும் என்பது நோக்கம்.

அந்தக் கழகம்தான் பின்னாளில் எம்பயர் ஸ்டேட் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற பெயரில் இயங்கியது. ஹார்லெம் போன்ற பகுதிகளின் ஏழைகளுக்காகப் பிறந்த அதிகாரம், நாற்பது ஆண்டு கழித்து ஹார்லெமிலேயே ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்காகப் பெட்ரோல் பங்கை எடுக்க வந்து நின்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகிறது.

'பிளைட்' என்ற சொல்

அமெரிக்காவில் நகர்ப்புற நிலத்தை இப்படி எடுக்க ஒரு மந்திரச் சொல் வேண்டும்: 'பிளைட்' (blight), அதாவது கருகல். அடிப்படையில் அது பயிர் நோயின் பெயர். நெற்பயிரில் இலைக்கருகல் வந்தால், விவசாயி ஒரு செடியைப் பார்த்து மட்டும் கவலைப்படுவதில்லை. வயல் முழுக்கப் பரவிவிடுமே என்றுதான் பதறுவார். நகரத்துக்கும் அதே உவமையைக் கொண்டுவந்தார்கள். ஒரு தெருவில் கருகல் வந்தால் ஊரே கருகிவிடும், ஆகவே நல்ல கட்டடத்தையும் சேர்த்து அகற்றலாம் என்பது வாதம்.

இந்த வாதத்துக்குச் சட்ட பலம் கிடைத்தது 1954இல். அதற்குப் பலியானதும் ஒரு கடைதான். வாஷிங்டன் நகரின் தென்மேற்குப் பகுதியில் சேரி அகற்றல் திட்டம் வந்தது. அந்தப் பகுதியில் 5,012 பேர் வசித்தார்கள், அவர்களில் 97.5 சதவீதம் பேர் கறுப்பின மக்கள். வீடுகளில் 64.3 சதவீதம் பழுதுபார்க்க முடியாத நிலையில் இருந்தன, 57.8 சதவீத வீடுகளுக்குக் கழிப்பறை வெளியேதான். அந்த வறுமை உண்மையானது. ஆனால் அங்கே நல்ல நிலையில் ஒரு பல்பொருள் அங்காடியும் இருந்தது. அதன் உரிமையாளர் தரப்பு கேட்டது இதுதான்: 'என் கடை சேரி அல்ல. யாரும் அதில் குடியிருக்கவில்லை. என்னிடமிருந்து எடுத்து இன்னொரு தனியாருக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?'

'பெர்மன் எதிர் பார்க்கர்' என்ற அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்: பகுதியை முழுதாகத்தான் பார்க்க வேண்டும், மனை மனையாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது, பொது நோக்கம் எது என்று சொல்வது சட்டமன்றத்தின் வேலை. அன்றிலிருந்து 'என் கடை நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஒரு கடைக்காரர் சொல்வதற்குச் சட்டத்தில் மதிப்புக் குறைந்துபோனது.

பிறகு 2005இல் 'கீலோ எதிர் நியூ லண்டன்' வந்தது. அங்கே கருகல் என்றுகூடச் சொல்லவில்லை. வேலைவாய்ப்பும் வரியும் பெருகும் என்பதே போதும் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நாடே கொதித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டத்தை ஏதோ ஒரு வகையில் திருத்தின. நியூயார்க் திருத்தவில்லை. மன்ஹாட்டன்வில் வியாபாரிகளின் தலையெழுத்தில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்பேன்.

முத்திரை குத்தியது யார்

நியூயார்க் சட்டத்தின் சொற்கள் 'தரம் குறைந்த அல்லது சுகாதாரமற்ற' பகுதி. மன்ஹாட்டன்வில் அப்படிப்பட்ட பகுதிதான் என்று காட்டக் கழகத்துக்கு ஓர் ஆய்வறிக்கை தேவை. அதற்காக ஏ.கே.ஆர்.எஃப். என்ற ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார்கள். அந்த நிறுவனம் ஏற்கெனவே இதே திட்டத்துக்காகக் கொலம்பியாவிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். வாங்க நினைப்பவரின் ஆலோசகரே, விற்க மறுப்பவரின் இடம் கெட்டுப்போய்விட்டது என்று அரசுக்குச் சான்று எழுதுகிறார். ஆய்வாளர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கிராமத்தில் நிலம் அளக்க வரும் சர்வேயர், பக்கத்து நிலத்துக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர் என்று தெரிந்தால் நாம் அளவுக் கல்லை நட விடுவோமா?

கிடங்கு உரிமையாளர் தரப்பு தகவல் கேட்கும் சட்டத்தின் கீழ் ஆவணங்களைக் கேட்டது. கழகம் மறுத்தது. அதற்கே தனி வழக்கு. 2008 ஜூலையில் இடைநிலை மேல்முறையீட்டு அமர்வு, ஆலோசனை நிறுவனம் கொலம்பியாவுக்காகவும் வேலை செய்வதால் இந்த விஷயத்தில் அதற்குச் சொந்த நலன் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது. சர்ச்சைக்கிடையே கழகம் எர்த் டெக் என்ற இரண்டாவது நிறுவனத்தையும் அமர்த்தியது. அதுவும் ஏறக்குறைய அதே முடிவைத்தான் எழுதிக் கொடுத்தது.

அறிக்கைகள் சொன்னது என்ன? பழைய கட்டடங்கள், விதிமீறல்கள், நீர்க்கசிவு, பூசாத சுவர்கள். அப்புறம் முக்கியமாக ஒன்று: 'குறைவாகப் பயன்படுத்தப்படும் மனை'. அதாவது, விதிப்படி கட்ட அனுமதியுள்ள பரப்பில் பெரும்பகுதியைக் கட்டாமல் விட்டிருப்பது. எஃப்.எஸ்.ஐ. என்னும் அந்தக் கட்டுமான அனுமதியில் மிச்சம் வைத்திருப்பது ஒரு குற்றம்போல.

இந்த அளவுகோலை ஒரு பெட்ரோல் பங்க் மேல் வைத்துப் பாருங்கள். பங்க் என்றால் நான்கு பம்பு, மேலே ஒரு கூரை, ஓரத்தில் சின்ன அறை, வண்டி திரும்ப வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் தொழிலே. எத்தனை சுத்தமாக நடத்தினாலும், எத்தனை வண்டி வந்து போனாலும், மாடி கட்டாததால் அது 'குறைவாகப் பயன்படுத்தப்படும்' இடமாகிவிடும்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. ஆய்வு நடந்தபோது பகுதியின் பெரும்பாலான கட்டடங்கள் கொலம்பியாவின் கையில் இருந்தன. வாடகைக்கு இருந்தவர்கள் பலர் வெளியேறிக் கட்டடங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. காலிக் கட்டடம் சீக்கிரம் பாழாகும் என்பது வீடு பூட்டிப்போட்ட எவருக்கும் தெரியும். ஆக, தெரு பாழாகத் தெரிந்ததில் வாங்கியவருக்கு எவ்வளவு பங்கு, பழைய காலத்துக்கு எவ்வளவு பங்கு? வியாபாரிகள் கேட்ட மையக் கேள்வி இதுதான்.

விசாரணை இல்லாத வழக்கு

நியூயார்க்கின் நில எடுப்பு நடைமுறைச் சட்டம் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோல்விக்கு மிகப் பெரிய காரணம் அதுதான்.

முதலில் நிலம் எடுக்கும் அமைப்பே ஒரு பொது விசாரணைக் கூட்டம் நடத்தும். மன்ஹாட்டன்வில்லுக்கு அது 2008 செப்டம்பரில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், காகிதம் கொடுக்கலாம். ஆனால் அறிக்கை எழுதியவரைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. பிறகு அதே அமைப்பே தன் தீர்மானத்தை எழுதும்; இங்கே டிசம்பரில் எழுதியது. அதை எதிர்க்க நினைக்கும் உரிமையாளர், தீர்மானம் வெளியான 30 நாளுக்குள் நேராக இடைநிலை மேல்முறையீட்டு அமர்வுக்குப் போக வேண்டும். கீழ் நீதிமன்றம் கிடையாது. சாட்சி விசாரணை கிடையாது. அந்த அமைப்பு தொகுத்து வைத்த கோப்புதான் ஆதாரம். நீதிபதிகள் அதைத்தான் படிப்பார்கள்.

படித்துவிட்டு எதைத் தேடுவார்கள்? 1953இல் மன்ஹாட்டனின் கொலம்பஸ் சர்க்கிள் பற்றிய ஒரு வழக்கிலிருந்து வரும் விதி: பகுதி தரம் குறைந்ததா இல்லையா என்பதில் நியாயமான கருத்து வேறுபாட்டுக்கு இடமிருந்தாலே போதும், நீதிமன்றம் தலையிடக் கூடாது. இரண்டு ஆலோசனை நிறுவனங்களின் தடித்த அறிக்கைகள் ஒரு பக்கம் இருக்கும்போது கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்று எப்படி நிரூபிப்பது? ஒரு பொட்டிக்கடைச் சண்டையில்கூடச் சாட்சி கேட்கிறோம். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பை எடுக்கும் வழக்கில் கோப்பு மட்டும் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தச் சட்டத்துக்குள்ளேயும் வியாபாரிகள் ஒரு முறை ஜெயித்தார்கள். 2009 டிசம்பர் 3 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 3-க்கு 2 என்ற கணக்கில் நில எடுப்பை ரத்து செய்தது. நீதிபதி ஜேம்ஸ் கேட்டர்சன் எழுதிய கருத்து கோபத்தோடு எழுதப்பட்டது என்பது வரிக்கு வரி தெரியும். கருகல் முத்திரை என்பது வெறும் வார்த்தை ஜாலம், திட்டம் போட்டுப் பல ஆண்டு கழித்து அதை நியாயப்படுத்தக் கண்டுபிடித்தது என்றார். கொலம்பியா பெரும்பகுதியைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவருவதற்கு முன் அங்கே கருகல் இருந்ததாக ஆதாரமே இல்லை என்றார். வண்ணம் பூசாத சுவரையும் தளர்ந்துபோன கூரைத் தாங்கியையும் கருகலுக்குச் சான்றாக எடுப்பது மடமை, நகரத்தின் எந்தப் பகுதியில் தேடினாலும் அப்படிக் கிடைக்கும் என்றார். 'குறைவான பயன்பாடு' என்பதை மட்டும் வைத்து நிலம் எடுப்பதை அடியோடு நிராகரிக்கும் காலம் வந்துவிட்டது என்றும் எழுதினார்.

இந்த வெற்றியை முழு வெற்றியாக எண்ணிக் கொண்டாடியவர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கவில்லை. மூன்று பேரில் கேட்டர்சனின் கருத்தை முழுதாக ஏற்றவர் ஒருவர்தான். மூன்றாவது நீதிபதி ரோசலின் ரிக்டர் வேறு காரணத்துக்காக மட்டுமே உடன் நின்றார்: ஆவணங்கள் கேட்ட வழக்கு இன்னும் முடியாதபோதே கழகம் கோப்பை மூடிவிட்டது, அது நடைமுறை நியாயம் அல்ல என்று. ஆக, 'இங்கே கருகல் இல்லை' என்று பெரும்பான்மை சொல்லவே இல்லை. நூலிழையில் நின்ற வெற்றி.

அந்த நூலும் ஏற்கெனவே அறுந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள் முன்புதான், நவம்பர் 24 அன்று, மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம், புருக்ளினின் அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டத்துக்கு ஆதரவாக 'கோல்ட்ஸ்டீன்' வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. கூடைப்பந்து அரங்கமும் அடுக்குமாடிகளும் கட்டும் திட்டம் அது. கருகலைத் தீர்மானிப்பது கழகத்தின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று அங்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

2010 ஜூன் 24

மேல்முறையீட்டில் நீதிபதி கார்மென் சிபரிக் எழுதிய தீர்ப்பு வியாபாரிகளின் வாதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியது. இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன, நியாயமான கருத்து வேறுபாட்டுக்கு இடமிருக்கிறது, எனவே தலையிட மாட்டோம். 'தரம் குறைந்த' என்ற சொல் தெளிவற்றது என்ற வாதமும் எடுபடவில்லை. கட்டடங்களின் பழுது கொலம்பியா வருவதற்கு முந்தியது என்று கோப்பிலேயே ஆதாரம் இருப்பதாகத் தீர்ப்பு சொன்னது. கல்வி ஒரு பொது நோக்கம். பல்கலைக்கழகம் தனியார் ஆனாலும் லாப நோக்கமற்றது. எனவே இது 'குடிமைத் திட்டம்' என்ற வகையிலும் செல்லும்.

கடைசி வாதத்தில் எடை இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் நரம்பியல் ஆய்வு செய்யக் கட்டும் கட்டடத்தையும் கூடைப்பந்து அரங்கத்தையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். கொலம்பியா அந்தப் பகுதிக்கு 15 கோடி டாலர் மதிப்புள்ள நலத்திட்டங்களுக்கும் ஒப்பந்தம் செய்தது. ஆனால் கல்வி என்ற நோக்கம் அவ்வளவு உயர்ந்தது என்றால், அதை மட்டும் நேராகச் சொல்லி வாதாடியிருக்கலாம். பக்கத்து வியாபாரியின் இடத்துக்கு நோய் என்று முத்திரை குத்தியிருக்க வேண்டியதில்லை.

அந்தத் தீர்ப்பில் என்னை மிகவும் நிறுத்தியது நீதிபதி ராபர்ட் ஸ்மித்தின் சிறு குறிப்பு. கோல்ட்ஸ்டீன் வழக்கில் தனியாக எதிர்த்து நின்றவர் அவர். இங்கே அவர் சொன்னதன் பொருள்: இந்த வழக்கில் கருகல் என்ற முடிவு இழுத்துப் பிடித்த சாக்காகவே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கோல்ட்ஸ்டீனில் இருந்ததைவிட இது மோசமில்லை, அந்தத் தீர்ப்புக்கு நான் கட்டுப்பட்டவன், ஆகவே முடிவுக்கு உடன்படுகிறேன். சாக்கு என்று கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்தும் கை கட்டப்பட்டிருக்கிறது. பெட்ரோல் பங்க் குடும்பம் அந்த வரியை எப்படிப் படித்திருக்கும் என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

2010 டிசம்பர் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அத்தோடு முடிந்தது.

எதற்கு இழப்பீடு, எதற்கு இல்லை

'இழப்பீடுதான் கொடுக்கிறார்களே' என்பார்கள். கொடுக்கிறார்கள்; நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சந்தை விலை, பொருத்தப்பட்ட எந்திர சாதனங்களுக்கு மதிப்பு. ஆனால் நியூயார்க்கில் வியாபாரத்தின் குட்வில்லுக்கு இழப்பீடு கிடையாது. இடம் மாறியதால் வராமல் போன வாடிக்கையாளர், ஊருக்குப் பழகிய பெயர், வருங்கால லாபம், எதற்கும் இல்லை. வாடகைக் கடைக்காரரின் நிலை இன்னும் மோசம்; நிலம் அவருடையது அல்ல என்பதால் பொருத்திய சாதனங்களுக்குத்தான் பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும்.

கடை வைத்தவர்களுக்கு இது புரியும். இருபது வருடம் ஒரே முனையில் நிற்கும் பங்குக்கு வரும் டாக்சிக்காரர் பெட்ரோலுக்கு மட்டும் வருவதில்லை. வழியில் இருக்கிறது, கழிப்பறை உண்டு, ஆள் பழக்கம், சில்லறை இல்லாவிட்டாலும் நாளை கொடுக்கலாம். இந்தப் பழக்கத்தைப் பெயர்த்து எடுத்துப் போய் வேறு தெருவில் நட முடியாது. மன்ஹாட்டனில் பெட்ரோல் பங்குக்கு இன்னொரு இடம் கிடைப்பதே அரிது. ஒரு குடியேறிக் குடும்பத்தின் உண்மையான சொத்து அந்தப் பழக்கம்தான். சட்டம் அதற்கு மதிப்பாகப் பூஜ்யம் போடுகிறது.

மெசாவில் ஒரு பிரேக் கடை

இதே நாட்டில் முடிவு வேறாகவும் இருந்திருக்கிறது. அரிசோனா மாநிலம் மெசா நகரில், ஒரு முக்கிய மூலையில் கார் பிரேக் பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்று இருந்தது. தந்தை நடத்தி மகனுக்கு வந்த கடை. பக்கத்தில் உள்ள ஒரு ஹார்டுவேர் கடை விரிவடைய அந்த மூலை வேண்டும் என்று நகராட்சி நிலம் எடுக்கப் பார்த்தது. 2003இல் அரிசோனா மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. பிரேக் கடை அங்கேயே தங்கியது.

வித்தியாசம் எங்கே? அரிசோனா அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது: எடுப்பது பொதுப் பயன்பாட்டுக்கா என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வி, சட்டமன்றம் பொதுப் பயன்பாடு என்று சொன்னாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கே நீதிபதி தானே எடை போட்டுப் பார்த்தார்: இதில் பொதுமக்களுக்குக் கிடைப்பது எவ்வளவு, தனியாருக்குக் கிடைப்பது எவ்வளவு? 2006இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றமும், சின்சினாட்டியை ஒட்டிய நார்வுட் நகர வழக்கில், 'சீரழிந்துவரும் பகுதி' என்ற அளவுகோல் தெளிவற்றது என்று ஒருமனதாகத் தூக்கி எறிந்தது. நியூயார்க் நீதிபதிகள் தெளிவாக இருக்கிறது என்று ஏற்ற 'தரம் குறைந்த' என்ற சொல், அந்தச் சொல்லைவிட எந்த வகையில் தெளிவு என்று எனக்குப் புரியவில்லை.

மன்ஹாட்டன்வில் குடும்பத்தின் வழக்கு மெசா கடையின் வழக்கைவிடப் பலவீனமானது என்று நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்க அனுமதி பெற்ற நீதிபதி அங்கே இருந்தார். இங்கே, சாக்கு என்று கண்டுகொண்ட நீதிபதிகூட முன் தீர்ப்புக்குத் தலைவணங்க வேண்டியிருந்தது.

இன்று 125ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் எதிரே கண்ணாடிச் சுவரோடு ஜெரோம் எல். கிரீன் அறிவியல் மையம் நிற்கிறது. ரென்சோ பியானோ வடிவமைத்தது; மூளையும் நரம்பும் பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. பக்கத்தில் லென்ஃபெஸ்ட் கலை மையம். வணிகவியல் பள்ளியின் இரண்டு புதுக் கட்டடங்கள் 2022இல் திறக்கப்பட்டன. நல்ல கட்டடங்கள். ரயில் வளைவு அப்படியே இருக்கிறது.

1968இல் எழுதிய 'தரம் குறைந்த அல்லது சுகாதாரமற்ற' என்ற சொற்களும் அப்படியே இருக்கின்றன. நியூயார்க்கில் ஒரு கடையை எடுக்க ஒரு கழகம் தீர்மானம் எழுதினால், கடைக்காரருக்குக் கிடைப்பது 30 நாள், அந்தக் கழகமே தொகுத்த கோப்பு, அதைப் படிக்க ஐந்து நீதிபதிகள்.